‘வேலை’ என்று எழுதினால் என்ன குறை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற மாதம் வெளிவந்த சொல்லாய்வுக் கட்டுரை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். ‘வேலை’ என்பது கடலையும் பொழுதையும் குறிக்கும் வடசொல் என்றும், செய்யும் தொழிலை அதனால் குறிப்பது பின்னாளில் புகுந்த பிழை வழக்கு என்றும், ஆகவே நல்ல தமிழ் எழுத விரும்புவோர் அதை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் ‘பணி’ என்றே எழுத வேண்டும் என்றும் கட்டுரையாளர் முடித்திருந்தார். ஒருவருடைய கருத்து என்று அதைக் கடந்து போயிருப்பேன். ஆனால் அடுத்த வாரத்திலிருந்தே தங்கள் செய்திப் பக்கங்களிலும் அந்த விதி நடைமுறைக்கு வந்துவிட்டதாகத் தெரிகிறது. சாரம் சரிந்து கீழே விழுந்த கொத்தனார் ‘கட்டடப் பணியில் ஈடுபட்டிருந்தார்’, கரும்பு வெட்டப் போனவர்கள் ‘கரும்பு வெட்டும் பணிக்கு’ச் சென்றார்கள், திருப்பூருக்கு ரயிலேறிய வடமாநில இளைஞர்கள் ‘பணி தேடி’ வந்தார்கள். இந்தக் கடைசிச் செய்தியின் தலைப்பை மட்டும் படித்த என் மனைவி, ஏதோ கோயில் திருப்பணிக்கு ஆள் வந்திருக்கிறார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டார்.

நான் மொழியறிஞன் அல்லன். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் ஒன்றில் 30 ஆண்டுகளுக்கு மேல் எழுத்தராகவும் பிறகு கண்காணிப்பாளராகவும் இருந்து ஓய்வுபெற்றவன். அந்த ஒரு சொல்லைப் பெயர்ப்பலகையில் தாங்கிய கட்டடத்துக்குள் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்ததால், அதன்மீது எனக்குச் சற்றுக் கூடுதலான பற்று உண்டு என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். கட்டுரையாளர் கூறியதில் ஒரு பாதி சரி. பழைய செய்யுளில் ‘வேலை’ என்ற சொல்லைக் கண்டால் அது பெரும்பாலும் கடல், அல்லது கடற்கரை. கந்தரலங்காரத்தில் ‘வேல்பட்டு அழிந்தது வேலையும் சூரனும் வெற்பும்’ என்று அருணகிரிநாதர் பாடிய அடியை எங்களுக்கு நடத்திய தமிழாசிரியர், “வேலை எப்படியடா அழியும்?” என்று கேட்டுவிட்டு, பதில் வராத வகுப்பை ஒரு முறை சுற்றிப் பார்த்து, “இங்கே வேலை என்றால் கடல்” என்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. முருகனின் வேல் பட்டுக் கடலும் சூரனும் மலையும் அழிந்தன என்பது அதன் பொருள். திருவெண்காட்டுப் பதிகத்தில் ‘வேலைமலி தண்கானல் வெண்காட்டான்’ என்று சம்பந்தர் பாடும்போதும், பூம்புகாருக்கு அருகில் உள்ள அந்த ஊரின் கடற்கரைச் சோலையைத்தான் சொல்கிறார். இவை போதாதென்று, முருகனடியார்கள் ‘வேலை வணங்குவதே வேலை’ என்று சொல்லிக்கொள்வதில் முதலில் வருவது, ‘வேல்’ என்ற பெயரோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்த வேறொரு ‘வேலை’. ஒரே எழுத்துக்கூட்டில் தொடர்பில்லாத சொற்கள் அமர்ந்திருப்பது தமிழுக்குப் புதிதல்ல. ‘பணி’ என்ற சொல்லுக்கே வடமொழி வழியில் பாம்பு என்றொரு பொருள் இருக்கிறது. அதற்காக அரசுப் பணியில் சேர்ந்தவர்களைப் பாம்புப் புற்றில் சேர்ந்தவர்கள் என்று எவரும் சொல்வதில்லை.

கடலைக் குறிக்கும் ‘வேலை’ வடமொழியின் ‘வேலா’விலிருந்து வந்தது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. எல்லை, கரை, கடலின் ஏற்றவற்றம், பொழுது ஆகியவை அந்த வடசொல்லின் பொருள்கள். ஆனால் தொழில், உழைப்பு என்ற பொருள் அதற்கு வடமொழியில் கிடையாது. அதன் வழிவந்த இன்றைய வடபுல மொழிகளிலும் இதே கதைதான்: இந்தியின் ‘பேலா’, வங்காளத்தின் ‘பேலா’, மராத்தியின் ‘வேள்’ எல்லாமே பொழுதைத்தான் குறிக்கின்றன, இந்தி பேசுபவர் வேலையைச் சொல்ல வேண்டுமானால் ‘காம்’ என்கிறார். மாறாக, மலையாளத்தில் ‘வேல’ என்றால் வேலை. துளுவில் ‘பேலெ’ என்றால் வேலை. நம் வகரம் துளுவிலும் கன்னடத்திலும் பகரமாவது வழக்கமான மாற்றம். நம்முடைய ‘வேண்டும்’ கன்னடத்தில் ‘பேக்கு’ என்றும் துளுவில் ‘போடு’ என்றும் ஆவதைப் பார்த்தாலே அது விளங்கும். கடன் கொடுத்ததாகச் சொல்லப்படும் மொழியில் இல்லாத ஒரு பொருள், கடன் வாங்கியதாகச் சொல்லப்படும் தென்புல மொழிகளில் மட்டும் ஒன்றுபோல முளைத்தது எப்படி என்பதைக் கட்டுரையாளர் விளக்கவில்லை. தொழிலைக் குறிக்கும் வேலை இந்த மண்ணின் சொல், கடலைக் குறிக்கும் வேலை வந்து சேர்ந்த சொல், இரண்டும் எழுத்தில் ஒன்றாகிப்போயின என்று கொள்வதே எனக்கு நேரான விளக்கமாகப் படுகிறது.

‘வேளை’யிலிருந்து ‘வேலை’ வந்தது, ‘வேளைக்காரன்’தான் ‘வேலைக்காரன்’ ஆனான் என்று சொல்பவர்களும் உண்டு. கட்டுரையாளரும் போகிற போக்கில் அதைத் தொட்டிருக்கிறார். வேளைக்காரர் வரலாற்றில் இருந்தவர்கள்தாம். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் படைப்பிரிவுகளின் பெயரோடு வேளைக்காரர் வருகிறார்கள். இலங்கையின் பொலன்னறுவையில் உள்ள 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில், புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டிருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை அந்த வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொள்கிறார்கள். உரிய வேளை வரும்போது உயிரையும் கொடுப்பதாக உறுதி பூண்டவர்கள் என்று அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். அப்படிப்பட்ட படைவீரனுக்கும், சட்டி பானை கழுவி வீடு பெருக்கும் ஆளுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு என்பது பேசுவதற்குச் சுவையாக இருக்கலாம். ஆனால் கல்வெட்டில் இருப்பது ளகரம், நம் வேலைக்காரரிடம் இருப்பது லகரம். சொல் வரலாற்றில் ஓசை நெருக்கத்தை மட்டும் நம்பினால் வாழைக்கும் வாளுக்கும்கூட உறவு கற்பித்துவிடலாம்.

அப்படியானால் பழைய நூல்களில் தொழிலைக் குறிக்க ‘வேலை’ ஏன் அரிதாக இருக்கிறது என்று கேட்கலாம். அந்த இடத்தில் ‘வினை’ இருந்தது என்பதே காரணம். குறுந்தொகையின் 135ஆம் பாடலில் பாலை பாடிய பெருங்கடுங்கோ ‘வினையே ஆடவர்க்கு உயிரே’ என்று தொடங்கும்போது, பொருள் தேடச் செல்லும் வேலையைத்தான் வினை என்கிறார். வள்ளுவர் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆனால் அதே வினை காலப்போக்கில் நல்வினை தீவினை என்றும், முற்பிறப்பின் பயன் என்றும் கனத்துப்போய்விட்டது. பிறகு அது கேடு என்ற அளவுக்கு இறங்கி, ‘விளையாட்டு வினையாயிற்று’ என்று வருந்திச் சொல்லும் சொல்லாயிற்று. இலக்கண வகுப்பில் ‘செய்வினை’ என்றால் மாணவன் குறிப்பேட்டை எடுக்கிறான்; ஊர்ப்புறத்தில் ‘செய்வினை’ என்றால் எலுமிச்சம்பழத்தை எடுக்கிறார்கள். இப்படியொரு சுமையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சொல்லால் அன்றாடம் வயலுக்கும் பட்டறைக்கும் போய்வர முடியவில்லை. அது காலி செய்த இடத்தில் ‘வேலை’ வந்து உட்கார்ந்தது என்பது என் கணிப்பு.

பழைய வினை அடியோடு போய்விடவும் இல்லை. ‘வேலை மெனக்கெட்டு வந்தேன்’ என்கிறோமே, அந்த ‘மெனக்கெட்டு’ என்பது ‘வினைக்கெட்டு’ என்பதன் மருஉ. கையில் இருக்கும் வினை கெட, அதாவது நம் சொந்தக் காரியம் தடைப்பட, இன்னொன்றுக்காக வருவதுதான் மெனக்கெடுவது. யாழ்ப்பாணத்தார் இன்றும் ‘மினைக்கெடுதல்’ என்பார்கள். ஒரே மூச்சில் புதிய சொல்லையும் பழைய சொல்லையும் அருகருகே வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை, அந்தத் தொடரை நாளுக்கு நாலு முறை சொல்பவர்களே உணர்வதில்லை. நானும் ஓய்வுபெற்று அகராதிகளைப் புரட்ட நேரம் கிடைத்த பிறகுதான் இதை அறிந்தேன்.

இனிப் பணிக்கு வருகிறேன். ‘பணி’ தமிழ்ச்சொல் என்பதில் ஐயமே இல்லை. பணிதல் என்றால் தாழ்தல், வணங்குதல். பணித்தல் என்றால் ஆணையிடுதல். ‘எல்லார்க்கும் நன்றாம் பணிதல்’ என்ற குறளில் அது அடக்கம். ‘என்கடன் பணிசெய்து கிடப்பதே’ என்று பாடிய திருநாவுக்கரசர் கையில் உழவாரத்தோடு கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கியபோது, அது இறைவனுக்கு முன் பணிந்து செய்த தொண்டு. கோயிலைப் புதுப்பிப்பதைத் திருப்பணி என்பதும் அந்த வழியில்தான். ஆக, ஒருவருக்குக் கட்டுப்பட்டோ ஒருவரை வணங்கியோ செய்வது என்ற நிழல் இந்தச் சொல்லின்மேல் எப்போதும் விழுந்துகொண்டே இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அரசு ஊழியத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. பணி நியமன ஆணை, பணிப்பதிவேடு, பணிமூப்பு, பணியிடை நீக்கம், பணிக்கொடை, பணி ஓய்வு என்று என் வாழ்க்கையின் முக்கியமான தாள்கள் அனைத்திலும் இருந்தது அந்தச் சொல்லே. முதல் தாளில் ஆணையும் இருக்கிறது, பணியும் இருக்கிறது. ஆணைக்குப் பணிவதாக ஒப்புக்கொண்டுதான் கையெழுத்திட்டேன்.

இலங்கைத் தமிழரிடம் இந்தச் சொல்லின் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். அங்கே ‘பணிப்பாளர்’ என்றால் இயக்குநர்; ‘பணிப்பாளர் நாயகம்’ என்றால் துறையின் தலைமை இயக்குநர். பணிப்பவர் அவர், பணிபவர் நாம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் பணிப்பாளரைப் பணியாளர் என்று படித்துவிட்டால் நாற்காலி தலைகீழாகிவிடும். அதே நாட்டில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்புக்கு ‘வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம்’ என்று பெயர். தேடிப் போகிறவருக்கு வேண்டியது வேலை. அதைக் கவனிக்கும் அலுவலகம் பணியகம். பெயர் வைத்தவர் எவராயினும் இரண்டு சொற்களையும் அதனதன் இடத்தில் வைத்திருக்கிறார்.

எதிர்ப்பக்கத்து உண்மை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலையாளத்தில் ‘பணி’ சாதாரண வேலைதான். வேலைநிறுத்தத்துக்கு அங்கே ‘பணிமுடக்கு’ என்று பெயர். அங்கே ‘வேல’ என்பது, பாலக்காட்டுப் பகுதியில் நென்மாறை–வல்லங்கி வேல என்பதுபோல, பகவதி கோயில் திருவிழாவுக்கும் பெயராகிவிட்டது. தெலுங்கிலும் ‘பனி’ என்றால் வெறும் வேலை. ஆகவே பணி என்றாலே பணிவு என்று எல்லா மொழிக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் நாம் எழுதுவது தமிழில். தமிழ்க் காதுக்குப் பணி என்றதும் பணிவும் உடன் கேட்கிறது.

அலுவலகச் சாளரத்தில் நான் கேட்ட தமிழைச் சற்றே சொல்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த பிறகு வரும் வாரங்களில் எங்கள் வாசலில் வரிசை சாலை வரை நீளும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வருகிறவர்கள் ஒரு பக்கம், சாதிச் சான்றிதழைச் சேர்க்க வருகிறவர்கள் ஒரு பக்கம். மழைக்காலத்தில் அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, அதைச் சட்டைக்குள் வைத்து, அதற்கு மேல் கையையும் வைத்துக்கொண்டு வருவார்கள். அவர்களில் எவரும் என்னிடம் “பணி ஏதாவது வந்திருக்கிறதா?” என்று கேட்டதில்லை. “வேலை வந்திருக்கா சார்?” என்றுதான் கேட்டார்கள். பதிவு செய்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, தலையில் நரை விழுந்த பிறகு புதுப்பிக்க வந்த ஒருவரிடம், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். தச்சுப் பட்டறை வைத்து நான்கு பேருக்குக் கூலி கொடுத்துவருவதாகச் சொன்னார். “அப்புறம் எதற்கு இங்கே?” என்றேன். “அது தொழில் சார். இது வேலை” என்றார். அவர் சொன்னதில் தொழில் என்பது தன் கையில் இருப்பது, வேலை என்பது பிறர் தந்து வருவது. எந்த அகராதியும் இவ்வளவு சுருக்கமாக எனக்கு அந்த வேறுபாட்டைச் சொன்னதில்லை.

ஆனால் அதே தச்சர், தான் இழைத்த கதவைக் காட்டினால் “வேலையைப் பாருங்கள்” என்றுதான் சொல்வார். செய்கிற செயல், அதற்குரிய இடம், செய்து முடித்த பொருளின் நேர்த்தி ஆகிய மூன்றுக்கும் இந்த ஒரு சொல் நிற்கிறது. சேலையில் ஜரிகை வேலை, தூணில் கல் வேலை, அதிலிருந்து பிறந்த வேலைப்பாடு. ‘வேலை செய்கிறார்’ என்றால் அந்த நேரத்தில் உடம்பு அசைகிறது. ‘வேலை பார்க்கிறார்’ என்றால் மாதச் சம்பளம் வருகிறது. மருந்து வேலை செய்கிறது, மின்விசிறி வேலை செய்யவில்லை, இந்தத் திட்டம் வேலைக்கு ஆகாது, அவன் தன் வேலையைக் காட்டிவிட்டான். இவற்றில் ஒன்றிலாவது ‘பணி’யைப் பொருத்திப் பார்க்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். மின்விசிறி பணிசெய்யவில்லை என்று எழுதினால், அது யாருக்கோ அடங்க மறுப்பதாகவே தோன்றும்.

‘வெட்டி வேலை’ என்ற தொடரையும் இங்கே குறிப்பிட வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகளோடு வரியாக ‘வெட்டி’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. கூலி இல்லாமல் செய்தே தீர வேண்டிய கட்டாய உழைப்புக்கு அது பெயர், வடமொழியில் ‘விஷ்டி’. நீர்நிலையைத் தூர்வார வேண்டும், சுமை தூக்க வேண்டும், மறுக்க முடியாது. இன்று வெட்டி என்றால் பயனற்றது, வெட்டியாக இருப்பவன் என்றால் சும்மா இருப்பவன். உடம்பு நோகச் செய்தும் கூலி கிடைக்காத உழைப்பைக் குறித்த சொல், உழைக்காமல் இருப்பதைக் குறிக்கும் சொல்லாகத் திரும்பியிருக்கிறது. கூலி வந்தால்தான் வேலை, வராவிட்டால் வெட்டி என்று ஊர் முடிவு செய்துவிட்டது போலும். (கூலி என்ற சொல் கப்பலேறிப்போய் உலகமெங்கும் வசைச்சொல்லான கதை தனிக் கடிதத்துக்கு உரியது, அதை இங்கே இழுக்க விரும்பவில்லை.)

பணி என்று எழுதினால் உழைப்பவருக்கு மதிப்புக் கூடும் என்ற நல்லெண்ணம் தங்கள் அலுவலகத்தில் இருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ‘வேலைக்காரி’ என்று எழுதக் கூடாது என்பதில் நானும் உடன்படுகிறேன். ஆனால் அந்தச் சொல்லில் உறுத்துவது ‘காரி’ என்ற ஒருமை ஈறும், அதைச் சொல்லி அழைத்தவர்களின் குரலும், ‘வேலை’ அன்று. பால்காரர், கடைக்காரர், வீட்டுக்காரர் என்று ரகரம் சேர்ந்தால் அதே ஈறு மரியாதையாகிவிடுகிறது. எங்கள் வீட்டுக்குக் காலையில் வரும் அம்மையார் மூன்று வீடுகளில் வேலை பார்க்கிறார். சென்னையிலிருந்து வந்திருந்த என் பேத்தி, பள்ளியில் கற்றுக்கொண்ட நாகரிகத்தோடு அவரைப் ‘பணிப்பெண்’ என்று குறிப்பிட்டுவிட்டாள். அவர் கையில் இருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, “அது ஏரோப்ளேன்ல காபி குடுக்கிறவங்க இல்லையா கண்ணு?” என்று சிரித்தார். பிறகு, “நான் வீட்டு வேலைக்குப் போறேன்னுதான் ரேஷன் கடையிலயும் சொல்றேன், என் மவன் பள்ளிக்கூடத்துலயும் சொல்றேன்” என்றார். அவருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் ஆண்டுக்கு ஒரு முறை சம்பள உயர்வும் வேண்டும் என்பதை என் மனைவியிடம் பலமுறை கேட்டிருக்கிறார். பெயரை மாற்றும்படி ஒருமுறையும் கேட்டதில்லை. ஊராட்சிகளில் ஏரியும் வாய்க்காலும் வெட்டப் போகும் பெண்களைக் கேட்டாலும் இதுதான் நிலை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் நீண்ட பெயரை எவரும் நினைவில் வைக்கவில்லை. அவர்கள் நாவில் அது ‘நூறு நாள் வேலை’ ஆகிவிட்டது.

போராட்டத்தின் சொல்லும் வேலைதான். 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலையில் நடந்ததையும், 1921இல் சென்னை பி அண்ட் சி ஆலையில் நடந்ததையும் நாம் வேலைநிறுத்தம் என்றே எழுதிவருகிறோம். 2003ஆம் ஆண்டு ஜூலை மாதம் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நீக்கப்பட்டார்கள். அப்போது நாளிதழ்கள் எழுதியதை நினைவுபடுத்திப் பாருங்கள்: ஊழியர்கள் செய்தது வேலைநிறுத்தம், அரசு செய்தது பணிநீக்கம். நிறுத்த முடிந்தது தம் கையில் இருந்த உழைப்பை. பறிக்கப்பட்டது மேலிருந்து வந்த அமர்த்தலை. இரண்டுக்கும் ஒரே சொல்லை ஆண்டிருந்தால் அந்தச் செய்தியின் பாதி காணாமல் போயிருக்கும். மறுபக்கம், ஒப்பந்த முறையில் பல ஆண்டுகளாகக் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள் ‘பணி நிரந்தரம்’ கேட்டுத் தெருவில் அமரும்போது, அங்கே பணி என்பதே சரியான சொல். வேலை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, நாள்தோறும் விடியுமுன் செய்கிறார்கள். இல்லாதது பணிப்பதிவேடும் பணிக்கொடையும்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு வழக்கு உண்டு. மீன்பிடிக்கப் போவதை அவர்கள் ‘தொழிலுக்குப் போவது’ என்பார்கள். கடல் கொந்தளித்தால் ‘இன்றைக்குத் தொழில் இல்லை’. புலவர்கள் கடலை வேலை என்றார்கள், கடலில் வேலை செய்பவர்களோ அதைத் தொழில் என்கிறார்கள். ‘உத்தியோகம்’ என்பதும் இப்படித்தான்: வடமொழியில் அதற்கு முயற்சி, முனைந்து தொடங்குதல் என்று பொருள், பாரதப் போருக்கான முயற்சிகளைச் சொல்லும் பகுதி உத்தியோக பருவம். தமிழில் அது மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து செய்யும் வேலை என்ற அளவுக்குச் சுருங்கி, இப்போது அதுவும் வழக்கொழிந்து வருகிறது.

எனவே தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். அரசு ஆணை, நியமனம், ஓய்வு, தொண்டு, கோயில் ஆகியவை பற்றிய செய்திகளில் ‘பணி’ இருக்கட்டும். கொத்தனாரும் கரும்பு வெட்டுபவரும் ரயிலேறி வருபவரும் தாங்கள் செய்வதை எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே ‘வேலை’ என்று எழுதுங்கள். ‘வேலை’ பிழை வழக்கு என்ற கருத்துக்கு மறுப்பாக இந்தக் கடிதத்தை, நீளம் கருதிச் சுருக்கியாவது, வெளியிட வேண்டுகிறேன்.

மற்றொரு சிறு செய்தி. கட்டுரை வந்த அதே நாள் இதழில், வெள்ள நிவாரண முகாமில் தங்கியிருப்பவர்களுக்கு ‘மூன்று வேலை உணவு’ வழங்கப்படுவதாக ஏழாம் பக்கத்தில் அச்சாகியிருந்தது. ‘வேலை’யை நீக்க வேண்டும் என்று தங்கள் மெய்ப்புத் திருத்துநர் உண்மையிலேயே விரும்பினால், அங்கிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்,
திருச்சிராப்பள்ளி.